பத்து லட்சத்து இருபத்திரண்டாயிரத்து நூற்றுப் பதினேழு

ஜனவரி 28

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. கை கால் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கின்றன. நீயும் அத்தானும் குட்டியும் சுகம்தானா என்று எழுது.

உன்னிடம் வரும் வழியில் எல்லையில் பிடிபட்டேன் என்று அதிகாரிகள் மூலம் உனக்குத் தகவல் வந்திருக்கும். என்னை வைத்திருக்கும் இடத்துக்குத் தங்குமிடம் என்று பெயர். உள்ளே வந்தவன் வெளியே போக முடியாது என்ற ஒன்றை விட்டுவிட்டால் பெயர் சரிதான். தகரச் சுவர் வைத்த நீளமான அறைகள், அறைக்கு நான்கு கட்டில், ஓயாமல் உறுமும் ஒரு மின்விசிறி. போனை வாங்கிக்கொண்டார்கள். பேனா, பென்சில் எதுவும் வைத்திருக்கக் கூடாது. கடிதம் எழுதும் நாளில் மட்டும் ஒரு குட்டைப் பென்சில் தருகிறார்கள். ஒரு மணி நேரம் ஆனதும் திரும்ப வாங்கிக்கொள்கிறார்கள்.

திங்கட்கிழமைதோறும் ஓர் அதிகாரி வருகிறார். மரியாதையான மனிதர். ஒரு தாளை என் முன்னால் வைப்பார். பக்கத்தில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர், "கையெழுத்துப் போட்டீங்கன்னா டிக்கெட் செலவு அவங்களோடதாம்" என்பார். சொந்த விருப்பத்தில் ஊர் திரும்புகிறேன் என்று அதில் எழுதியிருக்கிறதாம். லாரி எடை மேடையில் அப்பா பொய் எடை எழுத மறுத்ததும், அவரைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் யார் என்று நான் சாட்சி சொன்னதும், அவர்கள் இன்னும் அதே தெருவில் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு திரிவதும் அந்தத் தாளில் இல்லை.

மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டியிருக்கிறார்கள். அதில் உள்ள எண் 1022117. இங்கே என் பெயர் அதுதான். பார்த்தவுடன் பழைய புத்தி வந்துவிட்டது. அப்பா எடைச் சீட்டை நீட்டி, "இந்த நம்பரை எது வகுக்கும், சொல்லுங்க பாப்போம்" என்பாரே, அதே புத்தி. ஒற்றைப்படை, அதனால் இரண்டு இல்லை. இலக்கங்களைக் கூட்டினால் பதினான்கு, அதனால் மூன்றும் இல்லை. ஏழால் வகுத்தால் மீதி ஐந்து, பதின்மூன்றால் வகுத்தாலும் மீதி ஐந்து. இனி ஒரு நாளைக்கு ஒரு பகா எண்ணால் வகுத்துப் பார்ப்பேன், எல்லாம் மனசுக்குள்ளேயே. ஒன்றுக்கு மேல் கூடாது. அவசரமாக முடித்துவிட்டால் அப்புறம் எதை வைத்துக்கொண்டு படுப்பது.

பின்பக்கத்தில் கணக்கைப் போட்டிருக்கிறேன். சரிபார். குட்டிக்கு முத்தம்.

உன் தம்பி

*

பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நாங்கள் நன்றாக இருக்கிறோம். அத்தானுக்கு முதுகு வலி, அது அவருடைய நிரந்தரச் சொத்து. நீ இளைத்திருப்பாய். எழுத மாட்டாய், எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தில் பின்பக்கம் என்று ஒன்று இல்லை. பாதித் தாளைக் கத்தரித்து அனுப்பியிருக்கிறார்கள். ஏன் என்று விசாரித்து எழுது.

முதலில் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். உனக்காக ஒரு வக்கீலம்மாவைப் பிடித்திருக்கிறேன். குரல் கணீரென்று இருக்கும், கட்டணமும் அப்படித்தான். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "உங்க தம்பி அந்தத் தாள்ல கையெழுத்துப் போடாதவரைக்கும் அடைக்கலம் கேட்ட கேஸ் உயிரோட இருக்கும். போட்டுட்டார்னா நான் தொண்டை கிழியக் கத்தினாலும் ஒண்ணும் நடக்காது." கேட்டாயா. அவர் எவ்வளவு மரியாதையான மனிதராக இருந்தாலும் சரி, போடாதே. முதல் விசாரணை முடியும்வரை பார்க்க வரவும் விட மாட்டார்களாம். வந்தால் உன் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு அதே ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம்தான். ஈரப் படுக்கை விரிப்பை ஆளுக்கு இரண்டு மூலையாகப் பிடித்து நீராவி உருளைக்குள் விடுகிறோம். மறுபக்கம் காகிதம் மாதிரி வெளியே வரும். காலையில் உருளை சூடாகக் கொஞ்ச நேரம் ஆகும். அந்த நேரத்தில் உன் எண்ணைப் பார்த்தேன். உருளை சூடாகுமுன் விடை கிடைத்துவிட்டது.

சொல்ல மாட்டேன். நம் வீட்டுச் சட்டம் மறந்துபோயிற்றா? முதலில் கண்டுபிடித்தவர் வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு, மற்றவரும் கண்டுபிடிக்கிறவரை கன்னம் உப்ப நிற்க வேண்டும். துப்பினாலும் தோல்வி, விழுங்கினாலும் தோல்வி. நீ வேண்டுமென்றே கோணங்கித்தனம் செய்து என்னைச் சிரிக்கவைப்பாய், நான் அப்பா சட்டையெல்லாம் நனைப்பேன். இப்போது அறுநூறு மைல் தள்ளி இருக்கிறாய், என்னைச் சிரிக்கவைக்க முடியாது. நிதானமாகக் கண்டுபிடி.

உன் அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நடுவில் நாலு நாள் காய்ச்சல் வந்து போயிற்று. நீங்கள் மூவரும் எப்படி? அத்தானைக் குனிந்து எதையும் தூக்க வேண்டாம் என்று சொல்.

கத்தரித்த கதையைக் கேள். மொழிபெயர்ப்பாளர்தான் நம் கடிதங்களைப் படிக்கிறவரும். மாதத்துக்கு இரண்டு முறை வந்து மொத்தமாகப் படிக்கிறார், அதனால்தான் இந்தத் தாமதம். என் கணக்கைப் பார்த்ததும் அலுவலகத்துக்குக் கூப்பிட்டு, "மீதி அஞ்சுன்னு எழுதியிருக்கீங்களே, யாரு அந்த அஞ்சு பேரு?" என்றார். வகுத்தல் கணக்கு என்றேன். "ஜெயில் மாதிரி இடத்துல உக்காந்துக்கிட்டு எவனாவது வகுத்தல் போடுவானா?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. இனிமேல் தேதி தவிர இலக்கமாக எண்களை எழுதக் கூடாது என்று உத்தரவு. நீயும் எழுதாதே, கடிதமே வராமல் போய்விடும்.

ஆகவே எழுத்தில் சொல்கிறேன். இன்றைக்கு இருநூற்று முப்பத்தொன்பது. வகுபடவில்லை. மனசில் போடும்போது நடுவில் யாராவது இருமினால் எல்லாம் சிதறிவிடும், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எனக்கு அதிலும் சந்தோஷம்தான். ஆயிரம் வரைக்கும் போனால் போதும் என்பதால் பாதை தெளிவாகத் தெரிகிறது. அப்பா சொல்வாரே, "உடையுற நம்பரா இருந்தா ரெண்டு துண்டுல சின்னது ஆயிரத்துக்குள்ளதான் இருக்கும். அதுக்கு மேல தேடறவன் மடையன்" என்று. ஆயிரத்துக்குள் இருக்கும் பகா எண்கள் எல்லாம் நமக்கு மனப்பாடம்தானே, இந்தப் புண்ணியத்துக்காகத்தான் அன்றைக்குத் திட்டு வாங்கிப் படித்திருக்கிறோம்.

பக்கத்துக் கட்டில்காரனுக்கு நெட்டை என்று பெயர் வைத்திருக்கிறேன். அவன் கால் கட்டிலுக்கு வெளியே முழங்கால்வரை நீண்டிருக்கும். அவன் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவனுக்குத் தெரியாது. ஆனாலும் நாள் முழுக்கப் பேசிக்கொள்கிறோம்.

விடையைச் சொல்லிவிடாதே அக்கா. விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. இந்த எண் இல்லையென்றால் நான் தகரத்தில் இருக்கும் ஆணிகளை எண்ண ஆரம்பித்துவிடுவேன். எதிர் அறையில் ஒருவர் அப்படி ஆரம்பித்துத்தான் இப்போது யாரிடமும் பேசுவதில்லை.

உன் தம்பி

*

ஏப்ரல் 7

அன்புள்ள தம்பிக்கு,

காய்ச்சல் என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டாய். மாத்திரை கொடுத்தார்களா? இங்கே எங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

ஆயிரம் வரைக்கும் போனால் போதும் என்று எழுதியிருந்தாய். படித்துவிட்டுச் சிரித்துக்கொண்டேன். ஏன் என்று கேட்காதே, தண்ணீர் சிந்திவிடும். அத்தானிடம் மட்டும் சொன்னேன். "பாவம், சொல்லிடேன்" என்றார். "சொன்னா அப்புறம் அவன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டேன். விசாரணை வரும்வரை உன் மனம் ஒரு வேலையில் இருக்கட்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நீயாகவே கேட்டுக்கொண்டது எனக்கு நிம்மதியாக இருந்தது.

விசாரணை மே மாதம் என்கிறார் வக்கீலம்மா. நீ சாட்சி சொன்னதற்கான நகல் வேண்டுமாம், அத்தைக்கு எழுதியிருக்கிறேன். ஊரில் அத்தை ஒருத்திதான் நம்மோடு இன்னும் பேசுகிறாள். அவள் வீட்டுக்கும் இரண்டு முறை ஆள் வந்து உன்னைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. திங்கட்கிழமை அந்தத் தாள் வரும்போது உனக்கு நினைவு இருக்கட்டும் என்றுதான்.

குட்டி பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழில் நிற்கிறாள். ஏழெட்டு என்னவென்று கேட்டால் தண்ணீர் குடிக்க ஓடிவிடுகிறாள். உன் மருமகள்தான், சந்தேகமே இல்லை.

உன் அக்கா

*

மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாத்திரை கொடுத்தார்கள். உங்கள் நலத்துக்கு எழுது.

இன்றோடு நூறாவது பகா எண்ணைத் தொட்டிருக்கிறேன். ஐநூற்று நாற்பத்தொன்று. வகுபடவில்லை.

நெட்டை போய்விட்டான். போன மாதத் தொடக்கத்தில் ஒரு திங்கட்கிழமை அந்தத் தாளை இழுத்துக் கையெழுத்துப் போட்டான். அதிகாரி கை கொடுத்தார். அவன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று படம் வரைந்து காட்டினான், விரலால், மேஜைத் தூசியில். போய்ச் சேர்ந்ததும் ஒரு கார்டு போடுவதாகச் சைகை செய்தான். முகவரியாக என் பட்டையில் இருக்கும் எண்ணைத்தான் எழுதிக்கொண்டான். அவன் போன மறுநாளே அந்தக் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. இவர் தூக்கத்தில் அழுகிறார். எழுப்பினால் கோபித்துக்கொள்கிறார்.

அக்கா, ஒன்று சொல்கிறேன், வையாதே. ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு ஒரு காரணம் வேண்டியிருக்கிறது. முதலில் அப்பாவை நினைத்துக்கொண்டு சொன்னேன். அப்புறம் உன்னை நினைத்துக்கொண்டு. ஒரே காரணத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அது தேய்ந்துபோகிறது, எனக்கே அதில் நம்பிக்கை வரமாட்டேன் என்கிறது. இப்போதெல்லாம் அந்த எண்ணை நினைத்துக்கொள்கிறேன். அதோடு ஒரு விஷயத்தை முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். என்னவென்று கேட்காதே, உனக்கு ஒரு ரகசியம் இருந்தால் எனக்கும் ஒன்று இருக்கட்டும்.

விசாரணைத் தேதி தெரிந்தால் உடனே எழுது.

உன் தம்பி

*

மே 25

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்?

விசாரணை செப்டம்பருக்குத் தள்ளிப்போய்விட்டது. நீதிபதி மாற்றமாம். வக்கீலம்மா, "இதெல்லாம் சகஜம், மனசைத் தளரவிட வேண்டாம்னு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன். எனக்கு அன்றைக்கு வேலை ஓடவில்லை. உருளையில் விரிப்பைக் கோணலாக விட்டு, அது சுருட்டிக்கொண்டு, அரை நாள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

என்ன முடிச்சு அது? சின்ன வயசில் இப்படித்தான், அடுத்து வரும் லாரி சிவப்பாக இருந்தால் பரீட்சையில் பாஸ் என்று நீயே சொல்லிவிட்டு, பச்சையாக வந்தால் ராத்திரி சாப்பிட மாட்டாய். கண்டதையெல்லாம் கண்டதோடு கட்டிப் போடாதே. எண் பாட்டுக்கு எண், கேஸ் பாட்டுக்கு கேஸ். என்னவென்று அடுத்த கடிதத்தில் ஒழுங்காக எழுது.

செப்டம்பர்வரை பொறு. உன்னால் முடியும். முடியவில்லை என்றால் எனக்குத் திட்டி எழுது, பக்கம் பக்கமாக.

உன் அக்கா

*

ஜூலை 12

அன்புள்ள தம்பிக்கு,

மே மாதத்துக்குப் பிறகு உன் கடிதம் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தங்குமிடத்துக்குப் போன் செய்தால் ஒரு இசை வருகிறது, அப்புறம் அறுந்துவிடுகிறது. வக்கீலம்மா விசாரித்துச் சொன்னார், உங்கள் பகுதியில் யாரோ பென்சிலால் தன்னைக் குத்திக்கொண்டதால் ஒரு மாதம் எல்லாருக்கும் கடிதம் நிறுத்தமாம். அது நீ இல்லை என்று சொன்னார். நான் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறேன். நம் வீட்டுச் சட்டப்படி இது தப்பு, இருந்தாலும் சொல்கிறேன். முடிந்துவிட்டது என்று நீ நினைக்கிற இடத்தில் நின்றுவிடாதே. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார். இதற்கு மேல் சொன்னால் மொத்தமும் சொன்ன மாதிரி ஆகிவிடும்.

ஏனோ இரண்டு நாளாக மனசு சரியில்லை. இந்தக் கடிதம் கிடைத்ததும் இரண்டு வரியாவது போடு.

உன் அக்கா

*

ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் குட்டியும் நன்றாக இருக்க வேண்டும். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை.

முடித்துவிட்டேன். போன வாரம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழைப் போட்டேன், நூற்று அறுபத்தெட்டாவது பகா எண், ஆயிரத்துக்குள் கடைசி. வகுபடவில்லை. கடைசி பத்தை மட்டும் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதே மீதிகள். என் எண் பகா எண். எதுவும் அதற்குள் நுழைய முடியாது.

ஆயிரம் வரைக்கும் போவேன் என்று எழுதியதற்கு நீ சிரித்துக்கொண்டாய் அல்லவா, ஏன் என்று இப்போது புரிகிறது. உருளை சூடாகுமுன்னே உனக்குத் தெரிந்துவிட்டது, ஒன்றும் கிடைக்காது என்று. ஒன்றும் இல்லாததைத் தேடி இவன் மாதக்கணக்கில் போகப் போகிறானே என்று சிரித்திருக்கிறாய். அப்புறம் பரிதாபப்பட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாய். கோபம் இல்லை அக்கா. அது எனக்கு நல்லதைத்தான் செய்தது, இத்தனை நாள் என்னை ஓட்டிக்கொண்டு வந்தது.

முடிச்சு என்னவென்று கேட்டிருந்தாய். இந்த எண் உடைந்தால் செப்டம்பர்வரை இருப்பது, அதற்கு மேலும் இருப்பது, எவ்வளவு நாளானாலும் இருப்பது. உடையாவிட்டால் கையெழுத்து. நானாக முடிவு செய்ய எனக்குத் தெம்பு இல்லை. இருந்தால் இதை ஒரு எண்ணிடம் விட்டிருப்பேனா. பென்சிலால் குத்திக்கொண்டவர் என் பக்கத்துக் கட்டில்காரர்தான், தூக்கத்தில் அழுதவர். துடைத்த பிறகும் தகரத்தில் ஒரு கோடு இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு இனி எதை வகுப்பது.

திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டுவிட்டேன். மாத முடிவில் விமானம். ஊரில் எல்லாரும் என்னை மறந்திருப்பார்கள், அத்தை வீட்டுப் பின்கட்டில் சத்தமில்லாமல் இருந்துகொள்வேன். வக்கீலம்மாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நீ அழாதே.

உன் தம்பி

*

ஆகஸ்ட் 6

தம்பி,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. நலம் விசாரிக்க நேரம் இல்லை. மாத முடிவு தாண்டிவிட்டது, விமானம் தள்ளிப்போயிருக்கலாம் என்று வக்கீலம்மா தங்குமிடத்துக்குப் போன் செய்துகொண்டிருக்கிறார். அத்தான் இதைக் கையில் எடுத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் கிளம்புகிறார், வாசலிலாவது கொடுத்துவிடுவார். எண்கள் எழுதக் கூடாது என்பார்கள். எழுதுகிறேன்.

உன் எண் பகா எண் இல்லை. அதோடு நான்கைக் கூட்டு: 1022121. அது 1011-ஐ 1011-ஆல் பெருக்கினால் வருவது. அப்படியென்றால் உன் எண், 1011-இல் இரண்டு குறைத்ததையும் இரண்டு கூட்டியதையும் பெருக்கினால் வருவது. 1009 x 1013. அவ்வளவுதான். கீழே இருந்து ஒவ்வொன்றாக ஏறி வந்தால் மாதக்கணக்கு, மேலே இருந்து பார்த்தால் ஒரு நிமிஷம். நான் மேலே இருந்து பார்த்தேன்.

அப்பா சொன்ன ஆயிரம் எடைச் சீட்டுக்கு. அது ஆறு இலக்கம். உன்னுடையது ஏழு. நீ ஆயிரம் என்று எழுதியபோதே எனக்குத் தெரியும். ஆயிரத்தில் வந்து முட்டி, அசடு வழிந்துகொண்டு, இன்னும் ஒரு படி ஏறிப் பார்ப்பாய் என்று நினைத்தேன். அதை நினைத்துத்தான் சிரித்தேன். ஆயிரத்துக்கு அடுத்த பகா எண்ணே விடை. நீ இன்னும் ஒரே ஒரு நாள் போட்டிருந்தால் போதும்.

போகாதே. கையெழுத்தைத் திரும்பக் கேள். தலை சரியில்லாமல் போட்டேன் என்று சொல், பைத்தியம் என்று சொல், எதையாவது சொல்.

அக்கா

*

ஜூலை 29 (ஆகஸ்ட் 25 அன்று வந்து சேர்ந்தது)

அன்புள்ள அக்காவுக்கு,

விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அறையில் இருக்கிறேன். நாற்காலிகள் தரையோடு திருகிவைக்கப்பட்டவை. காவலாளி தன் பேனாவையே கொடுத்தார், ஆறு மாதத்துக்குப் பிறகு மையில் எழுதுகிறேன். நீங்கள் சுகமாக இருங்கள்.

மதியம் ஒரு படிவம் கொடுத்தார்கள். எண்ணை எழுதக் கட்டம் கட்டமாகப் போட்டிருந்தது. எழுதிக்கொண்டே வந்தேன், ஏழு கட்டம் நிறைந்தது. அப்பாவின் சீட்டில் ஆறுதானே என்று நினைத்தேன். அதற்கு மேல் எழுத முடியவில்லை. ஆயிரத்தை ஆயிரத்தால் பெருக்கினால் பத்து லட்சம், என் எண் அதையும் தாண்டி இருக்கிறது. ஆயிரத்தோடு நிற்க எனக்கு யார் அனுமதி கொடுத்தது. ஓரத்திலேயே ஆயிரத்து ஒன்பதைப் போட்டு வகுத்தேன். மீதி இல்லை அக்கா. ஆயிரத்துப் பதின்மூன்று முறை, சுத்தமாக. இரண்டும் அடுத்தடுத்த பகா எண்கள், நடுவில் வேறு ஒன்றும் இல்லை, உனக்கும் எனக்கும் நடுவில் அம்மா யாரையும் பெறாத மாதிரி.

தாளைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டேன். அதிகாரியும் மொழிபெயர்ப்பாளரும் அங்கேதான் இருந்தார்கள்.

"ஏன் மனசு மாறிட்டீங்கன்னு கேக்கறார்."

"கணக்குல தப்பு பண்ணிட்டேன்னு சொல்லுங்க."

"என்ன கணக்கு?"

"வகுத்தல்."

அவருக்குப் புரிந்துவிட்டது. நம் கடிதம் எல்லாம் படித்தவர் அல்லவா. என் சார்பில் ரொம்ப நேரம் பேசினார், நான் சொன்னதைவிட எவ்வளவோ அதிகம். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் மொழிபெயர்ப்பாளர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கையெழுத்துப் போட்ட பிறகு மாத்திக்க ஒரு வாரம் டைம் இருந்துச்சாம். அது முடிஞ்சு போச்சாம்."

உன் மேல் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இந்த நாற்காலியில் உட்கார்ந்து உன்னை வாயில் வந்தபடி திட்டினேன். சொல்லாதே என்று கெஞ்சியது நான்தான். அதுவும் தெரியும். இரண்டும் தெரிந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

இருட்டுவதற்குள் ஏற்றுவார்களாம். பயமாக இருக்கிறது. அத்தை வீட்டு முகவரிக்கு எழுது.

உன் தம்பி

*

நவம்பர் 19

அன்புள்ள தம்பிக்கு,

அத்தை முகவரிக்கு நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. நலமா என்று கேட்கக் கை வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். எப்படி இருக்கிறாய்?

ஜூலை கடிதம் கிடைத்தது. நீ திட்டியது சரி. எழுதாமல் விட்டதையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறேன். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார் என்று நான் ஜூலையில் எழுதிய கடிதம் அப்படியே உறை மூடியபடி திரும்பி வந்தது.

அத்தான் போய்ச் சேர்ந்தபோது உன் கட்டிலுக்கு வேறு ஆள் வந்தாயிற்று என்று வாசலிலேயே சொன்னார்களாம். செப்டம்பரில் விசாரணைக்கு நான் போனேன். உன் எண்ணை மூன்று முறை கூப்பிட்டார்கள். வக்கீலம்மா எழுந்து, ஆள் நாட்டில் இல்லை என்றார். நீதிபதி அடுத்த எண்ணைக் கூப்பிடச் சொன்னார். நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அத்தை கார்டு போட்டிருந்தாள். நீ வருவதாக எழுதியிருந்த அன்றைக்கு விமான நிலைய வாசலில் விடிகிறவரை நின்றாளாம். "எல்லாரும் வெளிய வந்தாங்க. உன் தம்பி வரலை. உள்ள கேட்டா அப்படி யாரும் இறங்கலைங்கறாங்க" என்று எழுதியிருக்கிறாள். இங்கே கேட்டால் ஒப்படைத்துவிட்டோம் என்று ரசீது காட்டுகிறார்கள். இன்னொரு இடத்தில் கேட்டேன், அந்த எண்ணில் ஆளே இல்லை என்றார்கள். அதற்கு மேல் கேட்க வக்கீலம்மாவுக்கும் இடம் தெரியவில்லை. நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

குட்டி இப்போது வகுத்தல் கற்றுக்கொள்கிறாள். நேற்று ஒரு கணக்கை எடுத்துக்கொண்டு வந்து, "நானே போடறேன், நீ சும்மா இரும்மா" என்றாள். பென்சிலைத் தாளில் வைப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டேன். அடுத்ததையும் சொன்னேன். அதற்கடுத்ததையும் சொன்னேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு அழுதாள். அத்தான் சமையல்கட்டிலிருந்து வந்து, "விடு, புள்ளை போடட்டும்" என்றார். என்னால் முடியவில்லை. அவள் அடுத்த பக்கத்தைத் திறந்தாள், நான் அதற்கும் சொன்னேன்.

உன் அக்கா